கேட்கத் தவறிய கேள்விகள்

கோயம்புத்தூரின் ஆவாரம்பாளையத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே கடைசல் இயந்திரங்களின் ஒலி எழுந்துவிடும். வார்ப்படச் சாலைகளிலிருந்து வரும் இரும்பு வார்ப்புகளைக் கடைந்து, துளையிட்டு, மெருகேற்றி, நீரேற்றும் இயந்திரங்களுக்கான உறுப்புகளாக மாற்றும் சிறு பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஊரார் லேத் பட்டறை என்று வழங்கும் அத்தகைய பட்டறை ஒன்றில் என் தந்தை முப்பது ஆண்டுகள் உழைத்தார். மாலையில் வீடு திரும்பியதும் சீயக்காய்த்தூளால் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஆயினும், நகக்கண்களில் படிந்த எண்ணெய்க் கறுப்பு ஒருநாளும் முழுமையாக நீங்கியதில்லை. "இந்தக் கை என்னோட போகட்டும், உனக்கு வேண்டாம் சாமி" என்று அவர் என்னிடம் சொல்லாத நாள் குறைவு.

1997ஆம் ஆண்டு நான் கணிதத்தை முதன்மையாகக் கொண்ட பிரிவில் மேல்நிலைப் படிப்பை முடித்தேன். அடுத்து என்ன படிப்பது என்ற கேள்விக்கு அந்நாளில் எங்கள் தெருவில் ஒரே விடைதான் இருந்தது. அது 'கம்ப்யூட்டர்'. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை துறைகள் அடங்கியிருக்கின்றன என்பதைச் சொன்னவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. மூன்றாண்டுகளில் பிறக்கவிருந்த புத்தாயிரத்தைப் பற்றியே எங்கும் பேச்சு. பழைய கணினி நிரல்கள் பலவற்றில் ஆண்டினைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டுமே குறித்திருந்தனர். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது, கணினி அதனை 1900 எனக் கொண்டு கணக்குகளைக் குழப்பிவிடக்கூடும் என்ற அச்சம் உலகெங்கும் நிலவியது. அந்நிரல்களில் பெரும்பகுதி, 1959இல் உருவாக்கத் தொடங்கப்பட்ட கோபால் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டவை. அவற்றைத் திருத்தும் பணி இந்திய நிறுவனங்களுக்கும் வந்து சேர்ந்தது. எனவே, கோபால் கற்றவருக்குக் கடல் கடந்து வேலை காத்திருக்கிறது என்ற செய்தி எங்கள் தெருத் தேநீர்க் கடைவரை எட்டியிருந்தது.

நகரில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தேன். கட்டணம் 12,000 ரூபாய். தந்தையின் சேமிப்பு பாதிக்கே போதுமானதாக இருந்தது. மீதிக்குத் தங்கைக்காக அம்மா செய்து வைத்திருந்த காதணிகள் அடகுக் கடைக்குச் சென்றன. அப்போது அவள் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள். காதணிகளைத் தாளில் மடித்து அம்மா கொண்டுபோனபோது அவள் ஒன்றும் பேசவில்லை. "படிச்சு முடிச்சதும் மீட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன்.

அந்த மையத்தின் கண்ணாடிக் கதவும், காலணிகளை வெளியில் விட்டு உள்ளே செல்லும் ஒழுங்கும், குளிரூட்டிய அறையும் எனக்குக் கோவிலின் கருவறையை நினைவூட்டின. வாரத்திற்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவர் என்பது அங்கே முறை. விசைப்பலகை என் கைக்கு வருவதற்குள் பாதி நேரம் கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில், பயிற்றுநர் கரும்பலகையில் எழுதிய கட்டளைகளை அப்படியே தட்டச்சு செய்வேன். திரையில் விடை தோன்றும். அதனை நெகிழ்வட்டில் பதிந்துகொண்டு பெருமிதத்துடன் வீடு திரும்புவேன். என் மனத்தில் எழுந்த ஒரு கணக்கிற்கு நானே ஒரு நிரல் எழுதிப் பார்த்ததாக ஒருநாள்கூட நினைவில்லை. கட்டளைகளை மனப்பாடம் செய்வதே கணினிக் கல்வி என்று எண்ணியிருந்தேன்.

ஓராண்டு முடிந்தது. பொன்னிற ஓரமிட்ட சான்றிதழும் கிடைத்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதைப் பதிவு செய்யச் சென்றபோது, பணியாளர் அதனை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அது அரசு அங்கீகரித்த படிப்பன்று என்று கூறித் திருப்பித் தந்தார். சான்றிதழ் போனால் போகட்டும், கற்ற கல்வி கைகொடுக்கும் என்று தேற்றிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றேன். அங்கே கணினியையே கண்ணில் காட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளைத் தந்து, "மூன்று எண்களுள் பெரியதைக் கண்டறியும் வழியைப் படிப்படியாக எழுதுங்கள், எந்த மொழியில் எழுதினாலும் சரி, தமிழிலேயே எழுதினாலும் சரி" என்றார்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அவற்றுள் பெரியதை மூன்றாம் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவே. ஆயினும், பாடமாகச் சொல்லித்தரப்படாத ஒன்றை முதன்முதலாகச் சிந்திக்கச் சொன்னதும் என் கை நின்றுவிட்டது. அந்தத் தாளை வெற்றுத்தாளாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே 1998ஆம் ஆண்டில் தங்கை பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றாள். பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்குரிய பணம் என் கணினிக்கு என்றோ செலவாகியிருந்தது. அவள் அதனைச் சொல்லிக்காட்டவில்லை. பெண்களுக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் விண்ணப்பம் வெளியான செய்தியை நாளிதழில் பார்த்து, "துணைக்கு வர்றியாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். சென்றேன்.

இயந்திர வரைவாளர் பிரிவின் பயிற்றுநர் அம்மையார் ஒருவர் வரைபலகையின்முன் நின்றிருந்தார். தங்கை விண்ணப்பத்தை நீட்டவில்லை. மாறாக, வணக்கம் கூறிவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டாள்.

"இந்தப் படிப்பு முடிக்கும்போது எனக்கு என்னங்க செய்யத் தெரிஞ்சிருக்கும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நாங்களே கைப்பட வரையலாமுங்க?"

"சான்றிதழ் யார் குடுக்கறாங்க? அத வச்சுக்கிட்டு அடுத்தது என்ன படிக்க முடியுமுங்க?"

அம்மையாரின் முகத்தில் வியப்பு தெரிந்தது. ஒரு பொறி உறுப்பைப் பார்த்து அதன் படத்தை அளவு பிசகாமல் வரையவும், படத்தைப் பார்த்து அவ்வுறுப்பை மனத்தில் முழுமையாகக் காணவும் இயலும் என்றார். நாளின் பெரும்பகுதி செய்முறைக்கே உரியது என்றார். ஈராண்டின் முடிவில் தேசிய அளவிலான தேர்வும் சான்றிதழும் உண்டு. பின்னர் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம் என்றும் விளக்கினார். தங்கை தலையசைத்தாள். அதன்பிறகே விண்ணப்பத்தை நிரப்பினாள்.

பேருந்தில் திரும்பும்போது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். 12,000 ரூபாயைக் கட்டுவதற்கு முன் அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்தேன், குளிர்ந்த அறையைப் பார்த்தேன், கையொப்பமிட்டேன்.

உறவினர் சிலர், பெண்பிள்ளைக்குப் பட்டறைப் படிப்பு எதற்கு என்று முகம் சுளித்தனர். தந்தையும் தயங்கினார். முடிவை அம்மாதான் கூறினார்: "போய்க் கேட்டுட்டு வந்தது அவ. படிக்கப் போறதும் அவ. நாம எதுக்குங்க குறுக்க நிக்கோணும்?"

வேலையின்றி இருந்த நான், தந்தை எதற்காக அஞ்சினாரோ அந்தப் பட்டறைக்கே உதவியாளாகச் சென்றேன். வெர்னியர் அளவியைப் பள்ளி ஆய்வகத்தில் கையாண்டிருக்கிறேன். மீச்சிற்றளவு என்னவென்று தேர்வில் பிழையின்றி எழுதியும் இருக்கிறேன். ஆனால், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு மிகுந்தால் தண்டு தாங்கியினுள் நுழையாது, குறைந்தால் நிற்காது என்பதைப் பட்டறையில்தான் விரல்களால் அறிந்தேன்.

1999இல் பட்டறை உரிமையாளர், கணினிவழிக் கட்டுப்படுத்தப்படும் கடைசல் இயந்திரம் ஒன்றினைப் பழைய விலைக்கு வாங்கினார். சி.என்.சி. என்று அதனைச் சுருக்கமாக வழங்குவர். உளி எங்கிருந்து எங்கே, எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்பதை எண்களாக எழுதி ஊட்டிவிட்டால் இயந்திரம் தானே கடையும். ஜி00 என்றால் வெட்டாமல் விரைந்து நகர்வது. ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே செல்வது. ஜி02 என்றால் வலஞ்சுழியாக வட்டவில்லில் செல்வது. கணினி கற்றவன் என்பதால் அதனைப் பழகும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்தாம் வகுப்பில் படித்த ஆயத்தொலை வடிவியல் இரும்பின்மீது ஓடுவதை அன்றுதான் கண்டேன். புள்ளிகளுக்கு எக்ஸ், ஒய் என்று பெயரிட்டது போல, இங்கே தண்டின் விட்டத்திற்கு எக்ஸ், நீளத்திற்கு இசட்.

56 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டினை 40 மில்லிமீட்டராகக் குறைப்பதற்கு என் முதல் நிரலை எழுதினேன். கட்டளைகளில் பிழையில்லை. இயந்திரத்தின் திரையும் அதனை ஏற்றுக்கொண்டது. தொடக்கப் பொத்தானில் விரல் வைத்த வேளையில் தந்தை அருகில் வந்தார். ஆங்கில எழுத்துகளை அவர் பொருட்படுத்தவில்லை. எண்களை மட்டும் பார்த்தார்.

"ஒரே வெட்டுல எட்டு மில்லி ஆழமா? உளி ஒடிஞ்சு மூஞ்சில அடிக்கும். நாலு தடவையாப் பிரி. தடவைக்கு ரெண்டு மில்லி."

விரலை எடுத்தேன். இயந்திரம் எதனையும் தடுத்திருக்காது. சொன்னதைச் சொன்னபடி செய்து, உளியையும் தண்டினையும் ஒருங்கே பாழாக்கியிருக்கும். அதற்குக் கட்டளை தெரியும், இரும்பு தெரியாது. தந்தைக்கு இரும்பு தெரியும், கட்டளை தெரியாது. எனக்கோ இரண்டிலும் பாதிதான் தெரிந்திருந்தது. கணினிப் படிப்பு உயர்ந்தது, பட்டறைப் படிப்பு தாழ்ந்தது என்று எங்கள் வீட்டில் எழுப்பியிருந்த சுவர் அந்த நொடியில் எனக்குப் பொருளற்றதாகப்பட்டது.

அன்றிரவு அந்த நிரலுக்குரிய வரைபடத்தைத் தங்கை வாங்கிப் பார்த்தாள். நான் வெட்டுத்தோற்றத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, உள்ளே இருந்த துளையைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அவள் அடுக்களையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து வந்து நீளவாக்கில் பிளந்து, "வெளியில இருந்து பாத்தா இந்த விதையெல்லாம் தெரியுமாண்ணா? உள்ள இருக்கறதக் காட்டத்தான் வெட்டி வரையறது" என்றாள். ஓராண்டுகூட நிறைவு பெறாத அவள் படிப்பு, நான் கட்டணம் செலுத்திக் கல்லாத ஒன்றை அவளுக்கு அளித்திருந்தது. கண்முன் இல்லாததைக் காணும் ஆற்றலே அது.

அடகு வைத்த காதணிகள் வட்டியில் மூழ்கி ஏலத்திற்குப் போய்விட்டன. பட்டறைக் கூலியில் சிறிது சேர்ந்ததும் அவளுக்குப் புதிய காதணி வாங்கித் தருவதாகச் சொன்னேன். "காதுக்கு இப்ப வேண்டாம். மினி டிராஃப்டர் ஒண்ணு வாங்கிக் குடு. இரவல் வாங்கி வரையறதுல நேரம் போகுது" என்றாள். கோடுகளைக் கோணம் பிசகாமல் வரைய உதவும் அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தேன். நான் அவளுக்குத் திருப்பித் தந்தது அவ்வளவே.

ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தந்தைக்குப் பசி தோன்றாது. பள்ளிப் படிப்பில் நிலைக்காத அவர், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பார்த்துப் பொறியியலைத் தாமே கற்றவர். 1937இல் கோவையில் மின்மோட்டார் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். 1945இல் இவ்வூரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற வழிவகுத்தவர். "பிரிச்சுப் பாக்காதது எதுவும் நம்மளது ஆகாது" என்பது அவர் வாழ்க்கையிலிருந்து தந்தை எடுத்துக்கொண்ட பாடம். ஆனால், பள்ளியை விட்டவர் எல்லாரும் நாயுடு ஆவதில்லை என்பதையும் தந்தை அறிந்திருந்தார். பட்டறையில் கையால் அறிந்ததற்குக் காரணத்தையும் அறிந்துவா என்று அவரே என்னைப் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்த முறை கையொப்பமிடுவதற்கு முன் மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

அங்கே ஒரு வாய்ப்பாட்டைக் கற்றேன். வெட்டுவேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பை மதிப்பையும் தண்டின் விட்டத்தையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால், தண்டு நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல வேண்டும் என்பது கிடைக்கும். 40 மில்லிமீட்டர் தண்டிற்கு, நிமிடத்திற்கு 30 மீட்டர் வெட்டுவேகம் என்று கொண்டு கணக்கிட்டேன். விடை ஏறத்தாழ 239. பழைய கடைசல் இயந்திரத்தில் தந்தை அத்தகைய தண்டிற்கு வைக்கும் வேகமும் ஏறத்தாழ அதுவே. உளி எழுப்பும் ஒலியையும், சீவல் சுருண்டு விழும் விதத்தையும் கொண்டு அவர் முப்பது ஆண்டுகளில் அடைந்த விடையை, வாய்ப்பாடு எனக்கு அரை நிமிடத்தில் தந்தது. அந்த மாலையில் விடைத்தாளை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் போட்டது சரிதான்" என்று சிரித்தார்.

தங்கை ஒரு நீரேற்றி நிறுவனத்தில் வரைவாளராகச் சேர்ந்தாள். சில ஆண்டுகளில் அங்கே வரைபலகைகள் அகற்றப்பட்டுக் கணினிகள் வந்தன. கையால் வரையக் கற்றவர்கள் புதிய மென்பொருளைச் சில வாரங்களில் பழகிக்கொண்டனர். மென்பொருளை மட்டும் கற்று வந்தவர்களோ, எந்தக் கோட்டை எதற்காக வரைகிறோம் என்பதைத் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டனர். கோபாலுக்கு எங்கள் ஊரில் இருந்த ஆரவாரம் புத்தாயிரம் பிறந்தபின் அடங்கிவிட்டது. அந்த மொழியைக் குறை கூறுவது முறையன்று. அது இன்றும் பல வங்கிகளின் கணக்குகளைச் சுமந்து நிற்கிறது. குறை என்னுடையது. சிந்திக்கும் முறையை விட்டுவிட்டு மொழியின் பெயரை மட்டும் நான் கற்றிருந்தேன்.

பின்னர்ப் பகுதிநேரமாகப் பொறியியல் பயின்று, இன்று ஒரு பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருவர். "இப்ப எந்தப் படிப்புக்கு மவுசு சார்?" என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. அன்று கண்ணாடிக் கதவில் கோபால் என்று எழுதியிருந்த இடத்தில் இன்று செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று எழுதியிருக்கிறார்கள். அவை பெறுமானமுள்ள துறைகளே. எனினும், கணிதமும் தருக்கமும் இல்லாமல் அவற்றின் வாயிலைக் கடந்து உள்ளே செல்ல இயலாது.

வழிகளும் அன்றைவிட இன்று மிகுதி. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையம் செல்லலாம். மூன்றாண்டுப் பட்டயம் படிக்கலாம். மேல்நிலையில் உரிய பாடங்களைக் கற்றவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டினை 2021இல் தமிழ்நாடு அரசு சட்டமாக்கியது. 2022இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் மேற்படிப்புக்கும் திறன்பயிற்சிக்கும் வழிகாட்டுகிறது. ஒரு கதவு மூடினால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டிய காலம் இதுவன்று. ஆயினும், கதவுகள் பெருகப் பெருக, நுழைவதற்குமுன் கேட்க வேண்டியதன் தேவையும் பெருகுகிறது.

ஆகவே, மவுசு பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்வதில்லை. பெற்றோரை இருக்கையில் அமரச் செய்துவிட்டு, பிள்ளையை மட்டும் பணிமனைக்கும் கணினி ஆய்வகத்திற்கும் அழைத்துச் செல்கிறேன். கடைசல் இயந்திரத்தின்முன் நிற்கும் மாணவர்களையும், திரையின்முன் தம் நிரலின் பிழையைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களையும் காட்டுகிறேன். "உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பலர் இல்லை என்று தலையசைப்பர். அவர்களுக்குத் தங்கையின் மூன்று கேள்விகளைச் சொல்லித் தருவேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, நான் சொல்லித் தருவதற்கு முன்பே வாய் திறந்தாள். இயந்திரத்தைச் சுட்டிக்காட்டி, "இத நாங்க தொட்டுப் பாக்கலாங்களா சார்?" என்றாள்.

மின்விசையை நிறுத்திவிட்டு, தொடச் சொன்னேன்.